முள் காட்டாத சூடு

வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் லாரி, ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். சிமெண்ட், கம்பி, அரிசி, கேஸ் சிலிண்டர் என்று ஏறுகிறது. கேரட், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு என்று இறங்குகிறது. ஏறும்போது சூடாவது எஞ்சின், இறங்கும்போது சூடாவது சக்கரங்கள். எஞ்சினின் சூட்டுக்கு டிரைவரின் கண்ணெதிரே ஒரு மீட்டர் இருக்கிறது. சக்கரத்தின் சூட்டுக்கு எதுவும் இல்லை. மலைப்பாதையில் இவ்விரண்டில் உயிர்களைப் பறிப்பது இரண்டாவது சூடுதான் என்று தெரிந்தும், நூறு வருடமாக நாம் முதல் சூட்டை மட்டும் அளந்துகொண்டிருக்கிறோம். அளவுகருவியை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்பவர் யார், யாருடைய நஷ்டத்தை மனதில் வைத்து முடிவு செய்கிறார் என்ற கேள்வி இந்த மலையில் லாரியோடு முடிவதில்லை.

முதலில் ஏறும் சூடு. டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மிச்சத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சமவெளியில் வண்டி ஓடுகிற வேகமே ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும். மலையிலோ இரண்டாவது கியரில் எஞ்சின் முழுமூச்சாக உழைக்கிறது, வண்டி மாட்டுவண்டி வேகத்தில் நகர்கிறது. காற்றுக்கு ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். மேலே போகப்போக அந்தக் காற்றும் மெலிந்துவிடுகிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு அவ்வளவு காற்றும் குறைகிறது, ஆனால் டீசல் அதே அளவுதான் விழுகிறது. எரியாத டீசல் கரும்புகையாக வரும், புகையின் சூடும் கூடும். பெருமாள்மலைக்கு வரும்போது முகத்தில் குளிர் அடிக்கிறது, டிரைவர் மப்ளரை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். அதே நேரத்தில் எஞ்சினுக்கு அன்றைய நாளின் மிக மோசமான வேளை அதுதான்.

இந்தப் பாதைக்குத் தடம் வகுத்தவர் மேஜர் லா என்ற ராணுவப் பொறியாளர். லாஸ் காட் ரோடு என்று அவர் பெயரே சாலைக்கு நிலைத்துவிட்டது. மோட்டார் வண்டிகள் இதில் ஏறத் தொடங்கியது 1910-களில். ஏறத்தாழ அதே சமயத்தில்தான் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் விற்பனைக்கு வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே செருகிய கண்ணாடி வெப்பமானி அது. ஓட்டுபவர் தன் இருக்கையிலிருந்து பானெட்டின் மறுமுனையில் சிவப்புக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போவார். அது அளந்தது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியை. ஆனாலும் மறைக்காமல் காட்டியது. பிறகு வந்தது செம்புக் குழல் மீட்டர். எஞ்சினில் ஒரு சிறு குமிழ், அதிலிருந்து டேஷ்போர்டு வரை மெல்லிய குழல், உள்ளே ஈதர். சூட்டில் ஈதர் ஆவியாகி அழுத்தம் கூட முள் நகரும். கரண்ட் தேவையில்லை. குழல் ஓரிடத்தில் மடங்கினால் மீட்டரின் ஆயுள் அத்தோடு முடிந்தது. பழைய வண்டி ஓட்டியவர்கள் இன்றும் இந்த மீட்டரைப் பற்றி மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

இப்போது வரும் பல வண்டிகளில் முள் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எழுபத்தைந்து, எண்பது டிகிரியில் நடுவுக்கு வந்து நிற்கும். அதன்பின் நூறைத் தாண்டும் வரை அசையாது. வாடிக்கையாளர் சின்ன ஏற்ற இறக்கத்தையெல்லாம் பார்த்துப் பயந்துபோய் ஷோரூமுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைக்கிறார்கள். உள்ளே சென்சார் சரியான எண்ணைத்தான் சொல்கிறது. கணினி அதைக் கேட்டுக்கொண்டு, ஓட்டுபவருக்கு மட்டும் "எல்லாம் நலம்" என்று ஒரு முள்ளை நடுவில் நிறுத்திவைக்கிறது. 2020-இல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் லாரி எஞ்சினைச் சுற்றி வெப்ப சென்சார்கள் பெருகிவிட்டன: தண்ணீருக்கு, உள்ளே போகும் காற்றுக்கு, புகை போகும் வழியில் சில இடங்களில். அவற்றின் தகவல் கணினிக்குப் போகிறது, சில வண்டிகளில் சிம் கார்டு வழியே முதலாளியின் செல்போனுக்கும் போகிறது. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குக் கடைசியில் ஒரு விளக்கு எரிகிறது. எரியும்போது பெரும்பாலும் ஒதுங்க இடமில்லாத வளைவில் இருப்பார்.

அதனால்தான் தனி மீட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். மலைக்கு ஓடும் வண்டிக்காரர்களிடம் இது ஆடம்பரம் அல்ல. ஒரு தடவை ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவில் பல மீட்டர் வாங்கிவிடலாம்.

வத்தலகுண்டில் சாலையோர எலக்ட்ரீஷியன் பட்டறை ஒன்றில் இந்த வேலையை நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். மீட்டரை டேஷ்போர்டில் பதிப்பது சுலபம். சென்சாரை எங்கே செருகுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்குப் பக்கத்தில், எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு பிளக் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு சென்சாரை வைக்க வேண்டும். மரை ஒத்துவரவில்லை. பக்கத்து லேத்தில் பித்தளையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கி வந்தான் பட்டறைப் பையன். அதைக் கையில் வாங்கிப் பார்த்த எலக்ட்ரீஷியன் உடனே திருப்பிக் கொடுத்தார். "நீளமா இருக்குடா தம்பி. சென்சார் மூக்கு உள்ளயே உக்காந்துக்கும், ஓடுற தண்ணி மேல படாது. அஞ்சு டிகிரி, பத்து டிகிரி கம்மியாத்தான் காட்டும். கட்டையா வெட்டிட்டு வா."

வந்த அடாப்டரின் மரையில் பையன் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றத் தொடங்கினான். அதையும் தடுத்தார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் சிறு வில்லையின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், மீட்டர் அந்தத் தடையைத்தான் படிக்கிறது. டேப் நடுவில் புகுந்து எர்த்தைக் கெடுத்தால் தடை கூடும். தடை கூடினால் மீட்டருக்கு அது குளிர்ச்சியாகத் தெரியும். கசிவை நிறுத்தப் போட்ட டேப், கொதிக்கிற எஞ்சினைக் குளிர்ந்த எஞ்சினாகக் காட்டிவிடும். செம்பு வாஷர் போட்டு முறுக்கச் சொன்னார்.

மாட்டுவதற்கு முன்பே சென்சாரை டீக்கடைக் கொதிநீரில் நனைத்துப் பார்த்தாகிவிட்டது. முள் நூறுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. "மேல போயி டெஸ்ட் பண்ணா ஏமாந்துருவீங்க" என்றார் என்னிடம். உண்மைதான். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கொதிநீரில் நனைத்து, முள் 93-இல் நிற்பதைப் பார்த்து, மீட்டர் ஏழு டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டாம். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தம் கொடுப்பதால்தான் எஞ்சினுக்குள் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் வாஷர் தேய்ந்த மூடியோடு மலையேறினால், அடிவாரத்தில் ஒழுங்காக வந்த வண்டி வழியிலுள்ள ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் பொங்கத் தொடங்கும். சூடு அதேதான், கொதிநிலை கீழே இறங்கிவிட்டது.

வண்டியின் சொந்தக்காரரே டிரைவர். இளைஞர். அவர் கேட்ட கேள்விக்கு எலக்ட்ரீஷியன் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"ஏண்ணே, இனிமே முள்ள மட்டும் பாத்தாப் போதும்ல?"

"முள்ளு ஏறுனா நம்பு. திடீர்னு எறங்குச்சுன்னா வண்டிய நிறுத்து."

ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால், சென்சார் வெற்று ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் கொடுத்த சூட்டை ஆவி அந்த அளவுக்குக் கொடுக்காது. முள் பின்வாங்கும். எஞ்சின் இறுகி நிற்கப்போகும் நேரத்தில் மீட்டர் "ஆறிவிட்டது" என்று சொல்லும். மீட்டரில் பழுதில்லை. தான் இருக்கும் இடத்தின் சூட்டை அது சரியாகத்தான் சொல்கிறது. தான் இருக்கும் இடத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

புகையின் சூட்டுக்குத் தெர்மோகப்பிள் மாட்டுகிறவர்கள் இங்கே மிகக் குறைவு. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. இது ஸீபெக் என்ற அறிவியலாளர் 1821-இல் கண்டது. மேனிஃபோல்டில் துளை போட்டு டர்போவுக்கு முன்னால் செருகினால் ஒரு எண் வரும், பின்னால் செருகினால் அதைவிட நன்றாகக் குறைந்த எண் வரும். டர்போ அந்தச் சூட்டில் ஒரு பகுதியைச் சுழற்சியாக்கிக்கொள்வதுதான் காரணம். முன்னால் துளை போட்டால் இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் பின்னால் போடுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் பிஸ்டன் உருகுவது முன்னால் உள்ள சூட்டில்.

இனி இறங்கும் சூடு. சுமையோடு பத்து டன் எடையுள்ள ஒரு நடுத்தர லாரி கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 1,800 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், முப்பது டிகிரித் தண்ணீர் அறுநூறு லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில்தான் இறங்க வேண்டும். கியரில் இறக்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். நியூட்ரலில் விட்டால் எஞ்சினுக்குப் பங்கே இல்லை. டீசல் மிச்சம் என்று நினைத்து அப்படி விடுகிறார்கள். மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும் வண்டியில், ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததுமே பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது, சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகிறது. இவ்வளவு எளிய விஷயத்தைச் நான் பார்த்த சாலையோரப் பலகைகள் விளக்கிச் சொல்லாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதிவைத்தால் போதாது.

டிரம் சூடாகி விரிந்து, லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கில் உள்ள பிசின் தீய்ந்து வழுக்குகிறது. பெடலை அழுத்தினால் காற்றுச் சத்தம் வழக்கம்போல் கேட்கும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர் மீட்டர் முழு அழுத்தம் காட்டும். எஞ்சின் வேலையே செய்யாமல் இறங்குவதால் டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிடக் கீழே, குளிர்ந்த பக்கம் சாய்ந்திருக்கும். ஆயில் மீட்டர் சரியாக இருக்கும். எல்லா மீட்டரும் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்க, வண்டிக்குப் பிரேக் இருக்காது. டிரைவருக்கு மிஞ்சிய கருவி மூக்கு ஒன்றுதான். லைனிங் தீயும் வாடை கேபினுக்குள் வருவதற்குள் வழியில் பாதி கடந்திருக்கும்.

எஞ்சின் வெந்தால் நஷ்டம் வண்டிக்கு. மீட்டர் அங்கே இருக்கிறது.

கொடைக்கானலில் வெப்பமானியைப் பற்றி எழுதுகிறவர், மலைமேல் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையைத் தாண்டிப் போக முடியாது. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிகள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையின் இயந்திரங்களை சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. பாதரசமும் கண்ணாடியும் இறக்குமதி, செய்த வெப்பமானிகள் ஏற்றுமதி. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. பாம்பார் சோலையை ஒட்டிய இடம். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாடை இல்லை. பிரேக் லைனிங்காவது தீய்ந்து எச்சரிக்கும். இது அதுவும் செய்யாது.

உலகத்துக் காய்ச்சலையெல்லாம் பத்தில் ஒரு டிகிரி துல்லியத்தோடு அளக்கும் கருவிகளைச் செய்தவர்கள், தங்கள் மூச்சில் என்ன போகிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ள வழியில்லாமல் வேலை செய்தார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த வெப்பமானிக் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு இதே மலைச்சாலையில் லாரிகளில் இறங்கி, தூத்துக்குடியில் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. தொழிலாளர்களின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொல்லிவந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில்தான். தொகை வெளியிடப்படவில்லை. இடையில் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடமும் பெரும்பாலும் எண்களைப் பற்றிய வழக்குத்தான்: யார் உடம்பில் எவ்வளவு, எப்போது அளந்தது, அளந்தவர் யார். சென்சார் நிறுவனத்தின் கையில் இருந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும்போதும் அதே தகராறு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். நீர்ப்பிடிப்புச் சோலைக்குப் பக்கத்தில் அது அதிகம் என்று மக்கள் தரப்பு வாதாடியது. மீட்டரில் சிவப்புக் கோட்டை எந்த இடத்தில் வரைவது என்பதும், யார் வரைகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

அதே ஊரில் சூட்டைத் தொடாமல் அளக்கும் மரபும் இருக்கிறது. சூரியனுக்குள் சென்சார் செருக முடியாது. 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடம் ஒளியை மட்டும் வைத்து அந்தச் சூட்டைப் படித்துவருகிறது. வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டது இந்த மலையில்தான். அந்தப் புள்ளிகள் கறுப்பாகத் தெரிவதே சுற்றுப்புறத்தைவிட ஆயிரத்துக்கும் அதிகமான டிகிரி குளிர்ந்திருப்பதால். சூடான எதுவும் தன் சூட்டுக்கேற்ற ஒளியை விடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவாவது விடும். கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டிய துப்பாக்கியும் அதைத்தான் படித்தது.

நெற்றிக்கு வைக்கும் அந்தக் கருவி லாரிக்கு உதவாது, அதன் எல்லை காய்ச்சலோடு முடிந்துவிடும். முந்நூறு நானூறு டிகிரி வரை பார்க்கும் பட்டறைத் துப்பாக்கி தனியாகக் கிடைக்கிறது, விலை ஒரு சாதாரண டயர் பஞ்சர் வேலையைவிட அதிகம், ஒரு செட் லைனிங்கைவிடக் குறைவு. கேரட் லோடு இறக்கும் ஒரு டிரைவரிடம் அதைப் பார்த்தேன். கூலிக்கு ஓட்டுபவர், வண்டி வேறொருவருடையது. டம்டம் பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தி, கிளீனரைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து டிரம்மை நோக்கிப் பிடித்தார். துருவேறிய டிரம்மில் எண் சரியாக வரும், பளபளக்கும் ரிம்மில் பிடித்தால் குறைத்துக் காட்டும் என்று அவரே பழகித் தெரிந்துவைத்திருந்தார். மூன்று சக்கரம் நூற்றைம்பதை ஒட்டி இருந்தன. பின்பக்க இடது சக்கரம் இருநூற்று நாற்பது. அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் அட்ஜஸ்டர் இறுகி, மற்றவற்றின் வேலையையும் சேர்த்து அதுவே செய்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றலாமா என்று கிளீனர் கேட்டதற்கு, "ஊத்துனா டிரம்மு விரிசல் விட்டுரும்டா, தானா ஆறட்டும்" என்றார்.

ஆறும் வரை சும்மா உட்காரவில்லை. டிரிப் ஷீட் நோட்டின் பின்பக்கத்தில் தேதி, இடம், நான்கு சக்கரத்தின் எண்களை எழுதினார். முந்தைய பயணங்களின் எண்களும் அதே நோட்டில் வரிசையாக இருந்தன, இடது பின்சக்கரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருந்தது. பிரேக் சரியில்லை என்று வாயால் சொன்னபோதெல்லாம், நீ மிதிக்கிற மிதி அப்படி என்று முதலாளி சொல்லிவிடுவாராம். இந்த நோட்டைக் கொண்டுபோய் மேசைமேல் விரித்து வைத்த பிறகுதான் அட்ஜஸ்டருக்கும் நான்கு சக்கர லைனிங்குக்கும் சேர்த்துப் பணம் வாங்க முடிந்தது.